இசக்கிப்பாண்டியின் வலது காது

"வண்டி முழங்குதுவே" என்று இசக்கிப்பாண்டி முதன்முதலில் சொன்னது அறுபத்து மூன்றாம் வருடம் மழைக்காலத்தில். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த ஒரு பேச்சை நான் கேட்காத நாள் கிடையாது. காலையில் சாவியை எடுக்கும்போது சொல்வார். மத்தியானம் சோற்று டப்பாவைத் திறக்கும்போது சொல்வார். பெருநாளன்று எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், கை கழுவும்போதும் அதைத்தான் சொன்னார். "உங்க கூட்டாளிக்கு யாரையாச்சும் வச்சு ஓதிப் பாக்கணும்" என்றாள் என் வீட்டுக்காரி சபுரா. மனுஷன் எத்தனை நாள்தான் பொறுத்துக்கொண்டிருப்பான்?

நாங்கள் இரண்டு பேருமே குடியிருந்தது தாராவியில். சொந்த ஊர் அவருக்கு வள்ளியூர்ப் பக்கம், எனக்கு மேலப்பாளையம். யுத்த காலத்தில் கல்யாணில் பட்டாளத்து மோட்டார் பட்டறைக்கு எடுபிடியாக வந்து, அங்கே எஞ்சின் வேலையைக் கற்றுக்கொண்டவர் அவர். பிறகு சயானில் ஒரு பார்சி சேட்டின் கராஜில் சேர்ந்தார். பட்டாளத்து ஏலத்தில் சேட் ஒரு பழைய பிக்கப் வண்டியை எடுத்து, அதன் பின்தட்டில் ஒரு கைக்கிரேனைப் பொருத்தினார். ரோட்டில் நின்றுபோன கார்களின் முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டி இழுத்துவர அந்த ஏற்பாடு. கராஜில் அதற்கு டோச்சன் வண்டி என்று பெயர். ஓட்டுவது இசக்கிப்பாண்டி. நான் பின்தட்டில் கிரேனைப் பிடித்துக்கொண்டு நின்று, சங்கிலி நழுவுகிறதா என்று பார்த்து வரவேண்டும். ஏதாவது கோளாறு என்றால் கேபின் கூரையில் இரண்டு தட்டு தட்டுவேன், அவர் நிறுத்துவார். காரை எடுக்கப் போகும்போது வண்டி காலியாக இருக்கும். அப்போது மட்டும் நானும் கேபினில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு போவேன்.

ஓட்டுவது அவருடைய வேலையில் பாதிதான். கராஜுக்கு எந்தக் கார் வந்தாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். திருப்புளியின் இரும்பு முனையை ஓடுகிற எஞ்சின் மேல் ஊன்றி, மரப்பிடியை வலது காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "மூணாவது சிலிண்டரு. வால்வு சரியா ஒக்காரலை" என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டராகத்தான் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். "நான் படிச்ச படிப்பெல்லாம் இந்த ஓட்டைக்குள்ளதான்வே இருக்கு" என்று காதைத் தொட்டுக் காட்டுவார்.

அந்தக் காதுக்குத்தான் வினை வந்தது. பின்னால் காரை மாட்டிக்கொண்டு இருபது மைல் வேகத்தைத் தொட்டதும் கேபினுக்குள் ஒரு முழக்கம் எழும்புகிறது என்றார். அதட்டலும் இல்லை, அலறலும் இல்லை, ஒரே சீராக அடிவயிற்றிலிருந்து வருகிற ஒரு ம்ம்ம். "மண்டைக்குள்ள எவளோ மாவாட்டுத மாதிரி இருக்குவே. எறங்கின பொறவும் ஒரு மணி நேரத்துக்கு வலது காது மரத்துப் போவுது. இது போயிட்டுன்னா எங்கிட்ட என்னவே இருக்கு?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும்தான் போகிறேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே. "அண்ணாச்சி, ஒரு மண்ணும் முழங்கலை. பழைய வண்டி, அது பாட்டுக்குப் போகுது" என்றேன். "காலி வண்டியில ஒக்காந்துக்கிட்டு நாயம் பேசாதேயும்" என்று எரிந்து விழுந்தார். சரிதான், வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று பின்தட்டில் ஏறிக்கொண்டேன். பின்தட்டில் காற்றும் சங்கிலிச் சத்தமும் தவிர வேறெதுவும் காதில் விழாது.

சேட்டிடம் போய்ச் சொன்னார். சேட் தானே ஏறி உட்கார்ந்து, தாதர் வரை ஓட்டிப் போய் வந்தார். காலி வண்டிதான். "வஹம் ஹை, பாண்டி" என்றார். எல்லாம் உன் பிரமை என்று அர்த்தம். கராஜே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதன் பிறகு அவர் செய்த கூத்துகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். குர்லா பழைய இரும்புக் கடையிலிருந்து பஸ் சைலன்சர் ஒன்றைத் தோளில் சுமந்து வந்து மாட்டினார். முழக்கம் இன்னும் கனமாகிவிட்டது என்றார். கேபின் தரையில் நாலு சாக்கை மடித்துப் போட்டார். அடியில் புகைக்குழாய் சூடேறி, கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றும்போது சாக்கு புகைந்து, அங்கே ஓட்டலில் இட்லி சாப்பிட வந்த கூட்டமெல்லாம் வெளியே ஓடி வந்து வேடிக்கை பார்த்தது. டிராஃபிக் போலீஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். பதில் சொன்னது நான். அடுத்ததாகக் குழாய் முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றைச் சுற்றினார். ஒரே மழையில் அது ஊறித் தொங்கி அறுந்தது.

கடைசியில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். அதில்தான் எனக்குப் பொறுமை போயிற்று. சயான் இறக்கத்தில் சங்கிலியின் ஒரு பக்கம் நழுவி, தூக்கிக் கட்டிய கார் ஒருச்சாய்ந்து ஆடுகிறது. கூரையில் இரண்டு தட்டு தட்டினேன், நாலு தட்டினேன், கை வலிக்க அடித்தேன். மனிதர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். சிக்னலில் சிவப்பு விழுந்ததால் பிழைத்தோம். குதித்து இறங்கி ஜன்னலில் கையை விட்டு அவர் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன்.

"நம்ம ரெண்டு பேரு உசுரையும் எடுக்கவா பஞ்சு வச்சிருக்கீரு?"

"பஞ்சு வைக்கலைன்னா காது போவுது. வச்சா உசுரு போவுது. நான் என்னதான்வே செய்ய?" என்று அவரும் கத்தினார். நடு ரோட்டில் அப்படி நாங்கள் சண்டை போட்டது அதுதான் முதல் தடவை. மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை.

முழக்கத்துக்குச் சாட்சி கிடைக்காமலும் இல்லை. மாட்டுங்காவில் வேங்கடசுப்ரமணியன் என்று ஒருவர் இருந்தார். ரயில்வேயில் கணக்கு ஆபீசர். அவருடைய கார் மழைக்காலம் வந்தால் நான்கு தடவையாவது நின்றுவிடும். கார் எங்கள் கொக்கியில் தொங்க, அவர் கேபினில் இசக்கிப்பாண்டி பக்கத்தில் உட்கார்ந்து வருவார். ஒரு நாள் கைக்குட்டையைக் காதில் பொத்திக்கொண்டு இறங்கினார். "சார், உள்ள சத்தம் கேக்குதா?" என்று கேட்டேன். "லாரின்னா சத்தம் இருக்கத்தானே ஓய் செய்யும்?" என்று சிரித்தார். அதையும் நான் எனக்குத் தோதாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில், தண்ணீர்க் குழாயடியில் இசக்கிப்பாண்டியின் மனைவி ஆறுமுகத்தாய் என்னை மறித்தாள்.

"தம்பி, நேத்து எங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னு கேட்டீயளா? அடுத்த வீட்டுக்காரி ஓடி வந்து, சண்டை போடாதீங்க, புள்ளைக தூங்குதுன்னு சமாதானம் பண்ணுதா. சண்டையே இல்லை. அவரு உப்பு கேட்டாரு."

"மதினி, அவருக்கு மண்டையில ஏதோ…"

"மண்டையில ஒண்ணும் இல்லை. நாம பேசுறது அவரு காதுல விழலை, அதான் அம்புட்டுச் சத்தம். வண்டி முழங்குதுன்னா அதை நின்னு பாக்க ஒருத்தரு இல்லையா?"

"பாத்தாச்சு மதினி. சேட்டே ஓட்டிப் பாத்தாரு. ஒண்ணும் இல்லை."

"காலி வண்டியைத்தானே ஓட்டினாரு? வெறுங்கட்டிலு கெறீச்சுன்னா கத்தும்? ஆளு ஏறிப் படுத்தாத்தான் கத்தும். இது கூடவா தெரியாது உங்க ரெண்டு பேத்துக்கும்?"

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். எஞ்சினைப் பிரித்து மாட்டுகிற இரண்டு ஆம்பிளைகளுக்கு இரண்டு வருடமாகத் தோன்றாதது. வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேட்டிடம் கேட்டு வண்டியைத் தாராவிக்குக் கொண்டுவந்தோம். தெருவில் ஒரு பாதிப்பேர் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். ஆறுமுகத்தாய் ஒரு அதட்டுப் போட்டாள், அத்தனை பேரும் குடத்தை நிரப்பிக்கொண்டு பின்தட்டில் ஏறினார்கள். எண்ணிப் பார்க்கவில்லை, இருபது பேருக்குக் குறையாது. "எங்கய்யா கூட்டிட்டுப் போறீங்க, ஜுஹு பீச்சுக்கா?" என்று கேலி வேறு. வண்டியின் பின்பக்கம் பொத்தென்று இறங்கியது. இசக்கிப்பாண்டி கேபினில் ஏறி எஞ்சினை உறுமவிட்டார். நான் முதுகில் சாக்கைப் போட்டுக்கொண்டு அடியில் புகுந்தேன்.

உடனே கேட்டது. ம்ம்ம் என்று. படுத்திருந்த தரை வழியாக என் பல்லுக்குள் வந்தது.

கையை நீட்டித் தடவிப் பார்த்தேன். பாரம் ஏறியதும் பின்சக்கர ஸ்பிரிங் தகடுகள் நிமிர்ந்து, புகைக்குழாயின் முனையை மேலே தள்ளியிருந்தன. குழாயைப் பிடித்திருந்த இரும்புப் பட்டை, ஓட்டுகிறவரின் காலடித் தகட்டோடு போய் இறுகியிருந்தது. எஞ்சினின் அதிர்வு முழுக்க அந்தப் பட்டை வழியாகக் கேபினுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. வண்டி காலியானால் குழாய் இறங்கிவிடும், பட்டையும் தளர்ந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பட்டையை மாட்டியவன் நான்.

எல்லாம் ஞாபகம் வந்தது. அறுபத்து மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் அந்தக் குழாய் வண்டியின் பின்முனை வரைக்கும் நீளமாக இருந்தது. பின்தட்டில் நிற்கிற என் மூஞ்சியில்தான் புகை முழுவதும் அடிக்கும். எனக்கு இருமல் பிடித்தது. ராத்திரியெல்லாம் இருமுகிறேன் என்று சபுரா போய் ஆறுமுகத்தாயிடம் அழுதிருக்கிறாள். மறுநாளே இசக்கிப்பாண்டி குழாயைப் பாதியில் அறுத்து, தன் பக்கமாக வளைத்துவிட்டார். "புகை எம்பக்கம் போகட்டும்வே, நான் ஜன்னலைச் சாத்திக்கிடுதேன்" என்றார். அறுத்த குழாயைக் கட்டச் சொல்லி என்னிடம் விட்டுவிட்டுப் போனார். பழைய ரப்பர்த் துண்டைத் தேடச் சோம்பல்பட்டு, கைக்குக் கிடைத்த இரும்புப் பட்டையைப் போட்டு முறுக்கினேன். என் இருமல் நின்றது. அவர் முழங்குது என்றார். நான் சிரித்தேன்.

அடியிலிருந்து வெளியே வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பிரமை இல்லைல்லா? அது போதும்" என்றார். ஆறுமுகத்தாயைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி, "பிரமை இல்லையாம்!" என்று கத்தினார். பின்தட்டில் நின்ற ஜனம் சிரித்தது.

அன்றைக்கே வேலையை முடித்தோம். குழாயை இடப்பக்கமாகத் திருப்பி, பின்சக்கரத்தைத் தாண்டி ரோட்டோரம் பார்த்து விட்டோம். ஸ்பிரிங் எவ்வளவு ஏறினாலும் தொடாதபடி நாலு விரல் இடைவெளி. இரும்புப் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய டயரை அறுத்து ரப்பர்ப் பட்டையில் தொங்கவிட்டேன். ஒவ்வொரு நட்டையும் இரண்டு தடவை முறுக்கினேன்.

மறுநாள் சொல்லிவைத்ததுபோல வேங்கடசுப்ரமணியனின் கார் கிங்ஸ் சர்க்கிளில் நின்றது. பின்தட்டில் கராஜிலிருந்து கரீம் பாட்சாவை நிற்கவைத்துவிட்டு, நான் முதன்முறையாகப் பாரத்தோடு கேபினில் உட்கார்ந்தேன். எனக்கும் இசக்கிப்பாண்டிக்கும் நடுவில் வேங்கடசுப்ரமணியன். இருபது மைல். இருபத்தைந்து. ஒன்றும் இல்லை. டயர் ஈர ரோட்டில் போகிற சத்தம் மட்டும்தான்.

"அட, பேசறது கேக்கறதே ஓய்! என்ன பண்ணினேள்?" என்றார் வேங்கடசுப்ரமணியன்.

நான் இசக்கிப்பாண்டியைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "போகலைவே" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு வருடம் பட்ட பாடு, தெருவையே ஏற்றி இறக்கியது, அடியில் புரண்டது எல்லாம் எதற்கு? "போகலையா? சாரைக் கேளும்! இந்தப் புடிவாதத்துக்கு ஒரு அளவு வேண்டாமா அண்ணாச்சி? வண்டியை நிறுத்தும். எஞ்சினை ஆஃப் பண்ணும். எங்கன முழங்குதுன்னு இப்பவே காட்டும்!"

சுனாபட்டி திருப்பத்தில் வண்டியை ஓரங்கட்டினார். சாவியைத் திருகி உருவி, என் கையில் கொடுத்தார். எஞ்சின் அடங்கியது. எதிர்க் கம்பியில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது, அதுகூடக் கத்தவில்லை.

"இப்ப?" என்றேன்.

வலது காதை உள்ளங்கையால் பொத்தினார். எடுத்தார். மறுபடி பொத்தினார்.

"இப்பவும் முழங்குது" என்றார்.

சாவி என் கையில் சூடாக இருந்தது. "என்ன ஓய், ஏன் நின்னுட்டோம்?" என்று வேங்கடசுப்ரமணியன் கேட்டார். அந்தக் காதைக் கெடுத்தது என் இருமலும் என் சோம்பலும்தான் என்று இவரிடம் எப்படிச் சொல்வது? ஓவென்று அழவேண்டும்போல இருந்தது, ஒரு ஆபீசர் முன்னால் அழ முடியவில்லை. இசக்கிப்பாண்டிதான் கையை நீட்டிச் சாவியை வாங்கி வண்டியைக் கிளப்பினார்.

கராஜுக்கு வந்து காரை இறக்கினோம். சேட் வழக்கம்போல, "பாண்டி, இதைக் கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். இசக்கிப்பாண்டி திருப்புளியை எடுத்தார். எஞ்சினில் ஊன்றினார். மரப்பிடியை வலது காதில் வைத்தார், கொஞ்ச நேரம் கழித்து இடது காதுக்கு மாற்றினார், கண்ணை மூடினார். வெகு நேரம் அப்படியே நின்றார். பிறகு கண்ணைத் திறந்து, திருப்புளியை என்னிடம் நீட்டினார்.

"வாரும்வே. எத்தனாவது சிலிண்டருன்னு நீரு கேட்டு எங்கிட்டச் சொல்லும். நான் சேட்டுகிட்டச் சொல்லுதேன்."

நான் போய் வைத்துக் கேட்டேன். அன்றிலிருந்து ஆறு வருடம் அப்படித்தான் கேட்டேன். சேட்டுக்குக் கடைசிவரை தெரியாது.