மூலையில் அடைபட்ட மூன்று கட்டங்கள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கனடாவின் மொன்றியலுக்கு வந்திறங்கியபோது போன்ஜூர், மெர்சி என்ற இரண்டு பிரெஞ்சுச் சொற்கள்தான் கைவசம் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டே ஒரு பலசரக்குக் கடை தொடங்கினேன். அது எரிந்து போனது. அடுத்த வருடமே இன்னொன்று தொடங்கினேன். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஆறு குடிகள் இருக்கும் ஒரு பழைய கட்டடத்தை வாங்கி, தண்ணீர்க் குழாய் முழுவதையும் என் கையாலேயே மாற்றினேன். கடன் தர மறுத்த வங்கிக்காரர் பிறகு என் கடைக்கே வெண்டிக்காய் வாங்க வந்தார். மூன்று பெண்பிள்ளைகளையும் பட்டதாரிகள் ஆக்கினேன். ஊர்ச்சங்க மண்டபத்து மேடைக்குப் பலகை அடித்தவனும் நான்தான். இன்றுவரை ஒரு பலகை கிறீச்சிடவில்லை.

இவை எல்லாருக்கும் தெரிந்தவை. இவற்றோடு ஒரு கணக்கிலும் எனக்குப் பங்கு உண்டு. அது எங்கள் குடும்பத்துக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. சங்கத்து மலருக்கு நினைவுக் கட்டுரை கேட்டார்கள். அதனால் அதையே எழுதுகிறேன்.

இந்த நகரத்தில் ஜூலை முதலாம் திகதி பாதிச் சனம் வீடு மாறும். வேண்டாத சாமான்கள் நடைபாதையில் கிடக்கும். இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து சில வருடங்கள் இருக்கும். அப்படிக் கிடந்த ஒரு மரத்தட்டை எடுத்து வந்தேன். தட்டின் நீளம் பத்துக் கட்டம், அகலம் ஆறு. அதற்குள் பன்னிரண்டு மரத்துண்டுகள். ஒவ்வொன்றும் ஐந்து சிறு கட்டங்களை ஒட்டியது போல. ஒன்று சிலுவை மாதிரி, ஒன்று நீளக் குச்சி, ஒன்று படிக்கட்டு. வீட்டில் தட்டு கவிழ்ந்து எல்லாம் கொட்டிவிட்டன. திரும்ப அடுக்கப் பத்தொன்பது நாட்கள் எடுத்தன. ஆனால் அடுக்கினேன்.

என் தங்கையின் கணவர், அதாவது என் மச்சான், யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். இங்கே கார் நிறுத்துமிடத்துக் கூண்டுக்குள் இருந்து சீட்டுக் கொடுத்தார். அந்தக் கூண்டுக்குள் இருந்தபடியே கணினி நிரல் எழுதப் படித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சங்கத்து மலரில் கணக்குப் புதிர்ப் பக்கம் அவருடையது. என் தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“உது கெட்டித்தனமில்லை மச்சான், அதிர்ஷ்டம். உதை மொத்தம் எத்தினை விதமா அடுக்கலாம் எண்டு சொல்லும் பாப்பம்?”

“நீர்தானே படிச்சவர். நீர் சொல்லும்.”

“சொல்லுறன். என்ரை கம்ப்யூட்டர் சொல்லும்.”

அதோடு விட்டாரா? அடுத்த மலரில் விடை வரும் என்று சங்கக் கூட்டத்திலேயே எழுந்து நின்று அறிவித்துவிட்டார்.

மலர் அச்சுக்குப் போக ஒரு வாரம் இருக்கும்போது தங்கை தொலைபேசியில் அழைத்தாள். “அண்ணை, ஒருக்கால் வந்திட்டுப் போங்கோ. அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டி பத்து நாளா இரைஞ்சுகொண்டு கிடக்கு. இவருக்குச் சாப்பாடும் இறங்கேல்லை. ‘வாத்தியாற்றை கணக்குப் பிழைச்சுப்போச்சு’ எண்டு சனம் சிரிக்கப்போகுதாம்.”

சனிக்கிழமை காலை போனேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர்களின் வீடு. குளிர்காலத்திலும் அந்த அறை கணினிச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. திரையில் தட்டைக் கட்டம் கட்டமாகக் காட்டும்படி செய்திருந்தார். நிறங்கள் வந்தன, போயின. மச்சான் தாடி மழிக்காமல் முன்னால் இருந்தார்.

“என்ன, இன்னும் ஓடுதோ?”

“ஓடும். கணக்கெண்டா அப்பிடித்தான். உமக்கு விளங்காது.”

“கொஞ்சம் ஆறுதலா ஓட விடும், பாப்பம்.”

வேகத்தைக் குறைத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடது மூலையில் மூன்று கட்டங்கள் அடைபட்டுப் போயின. கணினி அதைக் கவனிக்காமல் வேறெங்கோ துண்டுகளை அடுக்கிக்கொண்டு போனது.

“மச்சான், அந்த மூலையிலை மூண்டு கட்டம்தானே கிடக்கு. ஐஞ்சு கட்டத் துண்டு அதுக்கை எப்பிடிப் போகும்?”

“போகாது.”

“பேந்து ஏன் மற்றத் துண்டுகளை அடுக்குது?”

“கடைசியிலை ஒண்டும் சரிவராட்டித் திரும்பி வந்து மாத்தும்.”

“கடைசியிலையோ? லொறி நிரம்பினாப் பிறகோ?”



வாத்தியார்மார் அப்படித்தான். பிள்ளை முழுவதும் எழுதி முடித்த பிறகுதான் சிவப்புப் பேனை எடுப்பார்கள். நான் ஜான்-டலோன் சந்தையில் ஏழு வருடங்கள் லொறி ஏற்றியவன். தக்காளிப் பெட்டி தட்டை, லீக்ஸ் பெட்டி நீளம், முட்டைக்கோவாப் பெட்டி உயரம். ஒரு பெட்டி வைத்ததும், மிஞ்சிய இடத்துக்குள் வேறு ஏதாவது போகுமா என்று பார்ப்பேன். போகாதென்றால் அந்தப் பெட்டியை உடனே இறக்குவேன். பத்துப் பெட்டி ஏற்றிய பிறகு இறக்கினால் முதுகு என்னுடையதல்லவா?

இதை மச்சானுக்குச் சொன்னேன். “ஓட்டையை முதல் பாரும். மூண்டெண்டா நிப்பாட்டும். ஏழெண்டாலும் நிப்பாட்டும், ஐஞ்சு போனா ரெண்டு மிஞ்சும்.”

“ஒவ்வொரு முறையும் ஓட்டை எண்ணினா இன்னும் சுணங்கும்” என்றார்.

“சந்தையிலை என்ரை முதலாளியும் உதைத்தான் சொன்னவன். பாக்காமல் ஏத்து, கெதியா ஏத்து எண்டு. ஆனால் என்ரை லொறிதான் முதல் வெளிக்கிடும்.”

மச்சான் பத்து நாட்களாக ஓடியதை நிறுத்தினார். அவருக்கு அது சின்ன விஷயமல்ல. அது அவர் முகத்தில் தெரிந்தது. தட்டத் தொடங்கினார். ஒரு மணி நேரம் தட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

தங்கை பருப்பை இறக்க முன்னரே முதல் விடை திரையில் வந்து நின்றது. பின்னேரத்துக்குள் எல்லா விடைகளும் வந்துவிட்டன. ஒன்பதாயிரத்துச் சொச்சம். தட்டைச் சுற்றினாலும் கவிழ்த்தாலும் ஒரே அடுக்குத்தான் நான்காகத் தெரியும் என்று நாலால் பிரித்தார். இரண்டாயிரத்து முந்நூற்று முப்பத்தொன்பது. மச்சான் எழுந்து என் தோளில் கையை வைத்தார். “மச்சான்...” என்றார்.

அன்று வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் யோசித்தேன். இத்தனை வருடமாக அதை நான் வெறும் உடம்பு வேலை என்றுதான் நினைத்திருந்தேன். படித்தவர்களிடம் இருப்பது அறிவு, என்னிடம் இருப்பது பழக்கம் என்று. அந்தப் பழக்கத்தை ஒரு கணினிக்குச் சொல்லிக்கொடுக்கலாம், அது கேட்டு நடக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

மலர் வெளியீட்டன்று முன்வரிசையில் இருந்து அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். அழகாக எழுதியிருந்தார். ஓட்டை பார்க்கும் முறைக்கென்றே ஒரு பந்தி. கீழே: “தேநீர் தந்து ஊக்கமளித்த என் மனைவிக்கு நன்றி.” அவ்வளவுதான்.

தங்கை எனக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தாள். “அண்ணை, நான் தேத்தண்ணிதானே குடுத்தன். எனக்கே வெக்கமாக் கிடக்கு” என்றாள்.

மண்டப வாசலில் மச்சானை மறித்து, நான் சொன்னதைப் பற்றி ஏன் ஒன்றுமே இல்லை என்று கேட்டேன்.

“நீர் சொன்னது ஒரு வசனம் மச்சான். நிரல் முழுக்க எழுதினது நான்” என்றார்.

“அந்த வசனத்துக்கு ஒரு வசனம் போடுமன்.”

“சரி, பேந்து போடுறன்.”

பிறகு என்று அர்த்தமான அந்தப் ‘பேந்து’ நான்கு வருடமாக வரவில்லை. அவர் பாடுபட்டதை நான் மறுக்கவில்லை. எனக்கு நிரல் எழுதத் தெரியாது; அந்த ஒரு மணி நேரத்தில் அவர் விரல்கள் செய்ததை என்னால் ஏழு வருடத்திலும் செய்ய முடியாது. ஆனால் எட்டாம் வகுப்புக்காரன் சொன்னதை எழுதினேன் என்று வாத்தியாரால் அச்சில் போட முடியவில்லை. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். என்னிடம் வந்து சொல்லியிருந்தால் அதையும் விளங்கிக்கொண்டிருப்பேன்.

இப்போது அவருடைய புதிர்ப் பக்கங்களைச் சங்கம் புத்தகமாகப் போடுகிறது. அச்சகத்துக்கு இன்னும் போகவில்லை என்று விசாரித்து அறிந்தேன். தங்கைக்குச் சொன்ன நன்றி அப்படியே இருக்கட்டும். அதன் மேலே ஒரு வரி வேண்டும்: “ஒவ்வொரு துண்டை வைத்ததும் ஓட்டையைப் பார்க்கும் முறை, சந்தையில் லொறி ஏற்றிய என் மனைவியின் தமையன் சொன்னது.” பெயர்கூட வேண்டாம். அந்த வரி இல்லாமல் புத்தகம் வருமென்றால், நான் பலகை அடித்த மேடையில் அதை வெளியிட வேண்டாம்.