ஏற்றிச் சொன்ன வயது

மில்லின் காலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே சின்னத்தாயி அடுப்படியில் உட்கார்ந்து தலைக்குக் கரி பூசிக்கொண்டிருப்பாள். கொட்டாங்குச்சியைச் சுட்டுப் பொடித்து, விளக்கெண்ணெயில் குழைத்து, பழைய ஸ்னோ டப்பா ஒன்றில் வைத்திருக்கிறாள். காதோரத்தில் கொஞ்சம், முன் வகிட்டில் கொஞ்சம். பூசி முடித்ததும் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டி, "இன்னா, தெரியுதா?" என்று புருஷனைக் கேட்பாள். வெங்கடசாமி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஒண்ணும் தெரில, போ" என்பார்.

ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் அவள் நடக்கிற நடை வேறு, மில் வாசலில் நடக்கிற நடை வேறு. சந்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக யோசித்து இறங்குவாள். வருகை குறிக்கிற டைம் ஆபீஸ் ஜன்னல் கண்ணில் பட்டதோ இல்லையோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, புதுப்பெண் மாதிரி விறுவிறுவென்று போவாள். ஜன்னலைத் தாண்டி, சுவர் திரும்பிய பிறகுதான் நின்று மூச்சு வாங்குவாள். "மூட்டு வலியெல்லாம் கேட்டுக்கு அந்தாண்டயே வச்சிட்டு வரணும். உள்ள கொண்டாந்தா பேஜாரு" என்பாள்.

நூல் சுற்றும் ஷெட்டில் அவள் இருமியதை யாரும் கேட்டதில்லை. பஞ்சுத் தூசியில் சின்னப் பெண்களே லொக்கு லொக்கென்று இருமுகிற இடம் அது. சின்னத்தாயிக்கு இருமல் வந்தால் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வாள். கண்ணில் நீர் முட்டும், சத்தம் மட்டும் வராது. கையில் வேலை ஓய்ந்தாலும் உட்காரமாட்டாள். லீவு கேட்கமாட்டாள். மகளுக்குப் பிரசவமான அன்றுகூட ஷிப்டை முடித்துவிட்டுத்தான் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போனாள்.

வேலை போய்விடுமோ என்கிற இந்தப் பயம் அவளைப் பிடித்துக்கொண்டது போன வருஷம். அதே மில்லில் சாயப் பகுதியில் ஆட்களைக் குறைத்தார்கள். வெங்கடசாமியும் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவர் நான்கு நாள் தூங்கினார். ஐந்தாம் நாள் சங்கு ஊதியதும் எழுந்து, முகம் கழுவி, காக்கி நிக்கரைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். இன்றைக்கும் அப்படித்தான். எதிர்வீட்டுக்காரர் கேட்டால், "லீவுல இருக்கேன்" என்கிறார். ஒரு நாள் சின்னத்தாயி பொறுக்கமாட்டாமல், "எதுக்கு அந்த நிக்கரு? அவுத்துப் போடேன்" என்றாள். "சங்கு ஊதினா காலு தானா எழுந்துக்குது. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார் அவர். அன்றிலிருந்து சங்குச் சத்தம் கேட்டாலே அவள் வாசற்படியைத் திரும்பிப் பார்ப்பாள்.

இந்த ஆடியில் ஷெட்டுக்கு வெளியே பெரிய பெரிய மரப்பெட்டிகள் வந்து இறங்கின. "புது மிஷினாம். பத்து பொம்பள வேலய அது ஒண்ணே செஞ்சிடுமாம்" என்று பேச்சு கிளம்பியது. அடுத்த வாரமே மேஸ்திரி கோவிந்தப்பா ஒவ்வொருத்தியாக ஆபீசுக்கு அழைத்துப் போக ஆரம்பித்தார். ஐம்பத்தைந்து ஆனவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த இரைச்சலில் அவர் வருவது காதில் விழாது; கறுப்புத் தொப்பி மட்டும் மிஷின்களுக்கு மேலே நகர்ந்து வரும். அது எந்த வரிசையில் திரும்புகிறதோ அந்த வரிசையில் எல்லாத் தலைகளும் குனிந்துகொள்ளும், நிமிர்ந்து பார்த்தவளைத்தான் அவர் கூப்பிடுவார் என்பதுபோல.

மில்லின் கணக்குப்படி சின்னத்தாயிக்கு ஐம்பத்தைந்து. உண்மையில் ஐம்பத்தொன்று. பதினொரு வயதில் அம்மா அவளைக் கைப்பிடித்துக் கேட்டுக்கு அழைத்து வந்தபோது, சின்னப் பிள்ளைகளை எடுக்கமாட்டோம் என்றார்கள். அம்மா பின்னாலிருந்து கிள்ளினாள். "பதினஞ்சு" என்றாள் சின்னத்தாயி. அதே நாள், அதே வரிசையில், அதே பொய்யைச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தவள் பக்கத்து வீட்டுப் பிரிஜெட். இரண்டு பேரும் ஒரே மழைக்காலத்தில் பிறந்தவர்கள். பிரிஜெட் விவரமானவள், போன வருஷமே சர்ச்சிலிருந்து ஞானஸ்நானச் சான்று வாங்கிக் கொடுத்து வயதைச் சரிசெய்துகொண்டாள். சின்னத்தாயிக்கு எந்தச் சர்ச்சில் சான்று கிடைக்கும்? "சின்னதுல வயச ஏத்திச் சொல்லிட்டேன். இப்ப யாரு வந்து எறக்குறது?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். சிரிப்பு கண்ணுக்கு ஏறாது.

ஒரு நாள் சாப்பாட்டு மணியில், புளியமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறக்காமலே பிரிஜெட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஒரு வார்த்த சொன்னா போதும் பிரிஜி. ரெண்டு பேரும் ஒண்ணாப் பொறந்தோம்னு."

"இதுக்குப் போயி அழுவுறியே தாயி! நான் வர்றேன். மாதா மேல ஆணை" என்றாள் பிரிஜெட்.

பிறகு ஒரு புதன்கிழமை, கறுப்புத் தொப்பி அவர்கள் வரிசையில் திரும்பியது. சின்னத்தாயி குனிந்தாள். தோளில் ஒரு விரல் பட்டது. "ஆபீசர் கூப்டறாரும்மா. சொல்ப பா, கொஞ்சம் வா" என்றார் கோவிந்தப்பா, எங்கோ பார்த்தபடி. அவள் பிரிஜெட்டைப் பார்த்தாள். பிரிஜெட் கையைத் துடைத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

லேபர் ஆபீசர் கெட்டவர் இல்லை. இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். சின்னத்தாயி உட்காரவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது முழங்கால் காட்டிக் கொடுத்துவிடும். நின்றபடியே, பதினொரு வயதில் கேட்டில் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டாள்.

"அப்ப மில்லுக்குப் பொய் சொல்லித்தான் சேந்தீங்களா?"

"ஆமா சாமி. பசிக்குச் சொன்ன பொய்யி."

மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. காதோரத்திலிருந்து ஒரு கறுப்புத் துளி இறங்கி, கழுத்தில் கோடு போட்டு, ரவிக்கையில் போய் ஊறியது. ஆபீசர் அதைப் பார்த்தார். பார்க்காததுபோல் பேனாவைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு பிரிஜெட்டிடம் பேசினார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. உங்க ஷெட்டுல இன்னும் ஒருத்தர் போயாகணும். அது என் கையில இல்ல. இவங்க வயசைக் குறைச்சா, இவங்க இடத்துல அடுத்த வயசுக்காரங்க போகணும். ரெண்டு பேரும் ஒரே வயசுன்னா, அது நீங்களாவும் இருக்கலாம். இப்ப சொல்லுங்க. இவங்களுக்கும் உங்களுக்கும் ஒரே வயசா?"

பிரிஜெட்டின் புருஷன் செத்துப் பல வருஷம். மூத்த மகள் கட்டினவனை விட்டுவிட்டு, இரண்டு குழந்தைகளோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்த வீட்டில் சங்குக்கு எழுந்திருக்கிற ஆள் பிரிஜெட் ஒருத்திதான். அவள் கை கழுத்துச் சிலுவையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. சின்னத்தாயி அந்த விரல்களையே பார்த்தாள். விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. பதில் வருவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு... அவ்ளோ ஞாபகம் இல்ல சார்" என்றாள் பிரிஜெட்.

சின்னத்தாயிக்கு ஒரு கணம் அறை முழுக்க அமிழ்ந்துபோனது மாதிரி இருந்தது. வாசற்படியில் தானும் புருஷனுமாக உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்தது. பிரிஜெட்டின் பெயரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தாள். வெளியே வந்தது இருமல். இந்தத் தடவை முந்தானையைத் தேடவில்லை. இருமினாள், நன்றாக, நெஞ்சு ஓய்கிற வரைக்கும் இருமினாள். ஆபீசர் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். மாசக் கடைசி வரைக்கும் வேலை பார்க்கலாம் என்றார். "சரி சாமி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

திரும்பி வரும் வழியில் பிரிஜெட் இரண்டடி பின்தங்கியே வந்தாள். "தாயி" என்றாள் ஒரு தரம். சின்னத்தாயி திரும்பவில்லை. ஷெட்டுக்குள் போனதும் இரைச்சல் இருவரையும் மூடிக்கொண்டது.

அவரவர் இடத்தில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பிரிஜெட்டின் பக்கம் ஒரு நூல் அறுந்தது. அவள் இரண்டு முனையையும் எடுத்துச் சேர்க்கப் பார்த்தாள். விரலில் நிற்காமல் நழுவியது. மறுபடி எடுத்தாள், மறுபடி நழுவியது. வரிசையின் அந்தக் கோடியில் கோவிந்தப்பா நின்றுகொண்டிருந்தார். பிரிஜெட் அவரைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள், கண்ணீர் மறைத்து ஒன்றும் தெரியாமல் நின்றாள்.

சின்னத்தாயி பக்கவாட்டில் கையை நீட்டினாள். பிரிஜெட்டின் முகத்தைப் பார்க்காமலே அந்த இரண்டு முனைகளையும் அவள் விரல்களிலிருந்து வாங்கி, முடிச்சுப் போட்டு, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, நின்றுபோயிருந்த நூற்கதிரைத் தட்டி ஓடவிட்டாள்.