பூஜைக்கு முன்னால் பார்த்த இடம்

1. மெட்ராஸுக்குப் போய்விடும்

"பூஜைக்குள்ள இடம் காட்டலைன்னா நம்ம ரவுண்டு மெட்ராஸுக்குப் போயிடும், சேது."

கோஷ் சாஹேப் இதைச் சொன்னபோது நான் ஒரு ஃபியட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். அவருடைய பளபளக்கும் ஷூ மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. எழுபதுகளின் தொடக்கம்; பூஜை என்றால் வங்காளத்தில் துர்கா பூஜை. பவானிபூரில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் நான் ஹெட் மெக்கானிக். கோஷ் சாஹேப் ஒரு தேயிலைக் கம்பெனியில் அதிகாரி. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சின்ன மோட்டார் கிளப்பின் செயலாளர். சம்பளமில்லாத டிராக் இன்சார்ஜ் நான். ரேஸ் நடக்கும் இடத்தைப் பார்ப்பது, கோடு போடுவது, வைக்கோல் கட்டு அடுக்குவது, ஓடுகிற வண்டிகளை ஸ்க்ரூட்டினி செய்வது எல்லாம் என் தலையில்.

இளைய மெம்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்றைய அமெச்சூர் சாம்பியன்ஷிப் என்பது டாக்டர், வக்கீல், கிளார்க் என்று அவரவர் சொந்த வண்டியை ஓட்டுகிற போட்டி. குளிர்காலத்தில் ஊருக்கு ஒரு ரவுண்டு. எங்களுக்கு வழக்கமாகக் கிடைத்த இடத்தை அந்த வருடம் ராணுவம் தன் உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. இடமில்லாத ஊருக்கு ரவுண்டும் கிடையாது.

எனக்கு அதில் சொந்தக் காரியம் ஒன்று இருந்தது. ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம், தகரக் கொட்டகையில், காயலான் கடையிலிருந்து எடுத்த ஒரு ஹெரால்டு வண்டியை மூன்று வருடமாக ஒட்டிச் சேர்த்து வைத்திருந்தேன். நாவிஸ் கிளாஸ் என்று ஒன்று உண்டு. அதுவரை ஒரு ரேஸும் ஓடாதவர்களுக்கு. சொந்த ஊர் ரவுண்டில் கிளப் ஆட்களும் அதில் பெயர் கொடுக்கலாம். அடுத்தவன் வண்டியை டியூன் பண்ணி அனுப்பிவிட்டு, கொடி விழும்போது புகைக்குள் நிற்பதே எனக்குப் பழக்கமாகியிருந்தது. ஒரே ஒரு தடவை உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"உன் ஊர்தானே, மெட்ராஸ் போய் ஓட்டேன்" என்றார் சாஹேப்.

வங்காளிக்கு விந்திய மலைக்குத் தெற்கே எல்லாம் மெட்ராஸ். அப்பா மன்னார்குடியிலிருந்து கிதிர்பூர் கப்பல் டாக்கில் ஃபிட்டராக வந்தவர். நான் பிறந்தது பெஹாலாவில். மெட்ராஸில் நான் பார்த்தது சென்ட்ரல் ஸ்டேஷன் மட்டும். வண்டியைக் கூட்ஸில் ஏற்றி, தானும் ரயிலேறி, லீவும் வாங்குவது டாக்டர்களால் முடியும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் என்னுடையது.

"இங்கயே இடம் பாத்துடலாம் சார்" என்றேன், ஃபியட்டின் அடியிலிருந்தே.

2. மண்குவளை டெஸ்ட்

இடம் பார்ப்பதற்குக் கோஷ் சாஹேபிடம் ஒரு முறை இருந்தது. எந்தப் புத்தகத்திலும் அது கிடையாது. போகிற இடத்தில் ஒரு டீக்கடையைக் கண்டுபிடித்து, மண்குவளையில் டீயை விளிம்பு வரை நிரப்பி வாங்குவார். அதை டாஷ்போர்டில் வைப்பார். நான் நாற்பது மைல் வேகத்தில் ஓட்ட வேண்டும். மறுமுனையில் குவளையில் மிஞ்சியிருக்கும் டீதான் அந்த சர்ஃபேஸுக்கு மார்க். மிஞ்சியதை அவரே குடித்துவிடுவார். மோசமான ரோடு என்றால் டீ அவர் பேன்ட்டில் இருக்கும்.

ஊர் நடுவிலிருக்கும் பெரிய மைதானத்தைக் கேட்டோம். பட்டாளத்தார் இடம், பந்து விளையாடு, ஆடு மேய்த்துக்கொள், கார் மட்டும் வேண்டாம் என்றார்கள். பெஹாலாவில் ஃப்ளையிங் கிளப்பின் விமானத்தளம் அவர்களுக்கே சின்னது. சால்ட் லேக்கில் அப்போதுதான் புது ரோடு போட்டிருந்தார்கள். வீடுகள் இல்லை, ஆட்கள் இல்லை, காஷ் என்கிற நாணல் பூ மட்டும் வெள்ளை வெளேரென்று. நாங்கள் சந்தோஷப்பட்டது முதல் திருப்பம் வரைதான். சதுப்பை மேடாக்க நிரப்பிய மணல் காற்றில் ரோடு மேல் ஏறிக் கிடந்தது. பின்சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு வடிகால் ஓரம் போய் நின்றது. குவளை என் மடியில்.

"நாச்தே நா ஜான்லே உட்டோன் பாங்கா" என்றார் சாஹேப், கைக்குட்டையை நீட்டியபடி.

ஆடத் தெரியாதவளுக்கு முற்றம் கோணலாம். எனக்கு ஒரே மகிழ்ச்சி. நம்மிடமும் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் அல்லவா என்று அவருக்குச் சொன்னேன். ஆயிரம் மைல் தள்ளி இருந்தாலும் ஆட்டக்காரிகள் சொல்லும் சாக்கு ஒன்றுதான் என்று சிரித்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் ரேஸ் மைதானத்துக்குப் பெயரே உட்டோன் என்று ஆகிவிட்டது.

3. காலி முற்றம்

பூஜைக்கு முந்தின வாரம் கிடைத்தது. நகரத்துக்கு வடக்கே, யுத்த காலத்தில் போட்டுவிட்டு விட்டுப்போன ஓடுபாதை ஒன்று. நல்ல கான்கிரீட். இணைப்புகளில் மட்டும் புல். பக்கத்திலேயே விமானங்கள் திரும்பிவர ஒரு சின்னப் பாதை. இரண்டையும் சேர்த்தால் தானாகவே ஒரு சர்க்யூட். முனையில் ஒரு டிரம்மை வைத்தால் ஹேர்பின் திருப்பம். சுற்றிலும் பாதை தவறும் வண்டி ஓடி நிற்க, ரன்-ஆஃபுக்கு வேண்டிய புல்தரை, அதைத் தாண்டி நாலு பக்கமும் வயல். நெல் இடுப்பு உயரம், பச்சைப் பட்டை விரித்த மாதிரி நின்றது. ஃபோட்டோவுக்கு எப்பேர்ப்பட்ட பின்னணி என்று சாஹேப் வியந்தார்.

குவளையில் டீ அப்படியே இருந்தது. நின்று நிதானமாகக் குடித்தார்.

ஓரத்தில் ஓர் அம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோரும் அவரைப் பல்டு அம்மா என்றார்கள். வயதைப் பார்த்து நான் மாசிமா, நம் சித்தி மாதிரி, என்று கூப்பிட்டேன். பட்டணத்து ஆட்கள் டீயைக் காரில் ஊர்வலம் விடுவதை வேடிக்கை பார்த்துவிட்டு, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். டிசம்பர் கடைசி ஞாயிறு கார் ரேஸ் என்று சாஹேப் சொன்னார். அந்த அம்மாள் தலையை ஆட்டினார். நாங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

சர்க்காரிடமிருந்து அனுமதிக் கடிதம் வந்தது. டாக்குரியாவில் இருந்த என் வீட்டுக்கு ஹெரால்டை ஓட்டிக்கொண்டு போய், வாசலில் நிறுத்தி, வண்டிக் கதவில் எண் எழுதினேன். பதினேழு. என் மனைவி கமலா வெளியே வந்து பார்த்தாள். கல்யாணமாகி வந்தபோது ஒரு வார்த்தை வங்காளி தெரியாதவள்; பக்கத்து வீட்டு பௌதியிடம், அதாவது அண்ணியிடம், பழகிப் பழமொழியில் என்னை மிஞ்சிவிட்டாள்.

"காச்சே காண்டால், கோஃபே தேல்" என்றாள்.

பலாப்பழம் இன்னும் மரத்தில். பால் ஒட்டாமல் இருக்க மீசைக்கு இப்போதே எண்ணெய்.

"பெயிண்ட் காய வேண்டாமா?" என்றேன்.

"காயட்டும். தொறந்தா நம்பரோட கதவே ரோட்டுல விழுந்துடப் போவுது."

4. பௌஷ மாதம்

ரேஸுக்கு முந்தைய ஞாயிறு, வங்காளிக் கணக்கில் பௌஷம், நம் மார்கழி, சுண்ணாம்பு மூட்டையோடும் கயிற்றோடும் கோடு போடப் போனோம். நான் ஹெரால்டிலேயே போனேன். சாஹேப் ஃபியட்டில்.

ஓடுபாதையைக் காணோம்.

இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நெல். பொன் நிறத்தில், கனமாக, வெயிலில் விரிந்து கிடந்தது. ஓரங்களில் கதிர்க்கட்டுகள், பதர்க் குவியல், மண்ணடுப்பில் பெரிய அண்டாக்கள். பெண்கள் வரிசையாகக் கால்களை இழுத்து இழுத்து நடந்து நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பாதம் போன வழியெல்லாம் சின்னச் சின்ன சால். அவித்த நெல்லின் வாசனை காருக்குள் வந்தது. அம்மா பொங்கலன்று புது அரிசிப் பானையைத் திறக்கும்போது வருகிற வாசனை. நான் எஞ்சினை அணைத்தேன்.

பூஜைக்கு முன்னால் அந்த வயல்களை அத்தனை ரசித்தோமே, அந்த நெல் அறுத்தபின் எங்கே போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் பார்த்தது கான்கிரீட். அது நாலு கிராமத்துக்கும் களம்.

பல்டு அம்மா வந்தார். சாஹேப் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார், ஆனால் நீட்டவில்லை. அன்றே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார்.

"நீங்க பௌஷ மாசம்னு சொன்னீங்களா பாபு? என்னவோ இங்கிலீஷ் மாசம் சொன்னீங்க. பௌஷம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கயே கைய பிடிச்சிருப்பேனே."

ஒரு நாள், ஒரே நாள், அள்ளி வைக்க முடியுமா என்று சாஹேப் கேட்டார். பல்டு அம்மா ஒரு பிடி நெல்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். நானும் அதில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன்; இளஞ்சூடாக, ஈரமாக இருந்தது.

"இது அவிச்ச நெல்லு. காயாம குமிச்சா மறுநாளே புளிச்சு நாறும். ஒங்களுக்கு ஒரு நாள். எங்களுக்கு வருஷம் பூரா அந்தச் சோறுதான்."

சாஹேப் என்னைத் தனியே அழைத்தார். அனுமதி நம்மிடம் இருக்கிறது. போலீஸ் தாணாவில் சொன்னால் அவர்களே வந்து காலி பண்ணிவிடுவார்கள். அல்லது பாதி அகலத்தை மட்டும் கேட்கலாம். டிராக் இன்சார்ஜ் என்ற முறையில் நான் என்ன சொல்கிறேன்?

நான் தியாகி அல்ல. பாதி அகலம் போதுமா என்றுதான் முதலில் கணக்குப் போட்டேன். ஹெரால்டைத் திரும்பிப் பார்த்தேன். பதினேழு என்ற எண் வெயிலில் நன்றாகத் தெரிந்தது. ஆனால் கான்கிரீட்டின் மேல் நெல்மணி, டயருக்குக் கீழே பேரிங் குண்டு கொட்டின மாதிரி. முதல் வண்டி கிளப்புகிற காற்றிலேயே மீதிப் பாதியும் டிராக்குக்கு வந்துவிடும். இரண்டாவது வண்டி அந்த அண்டாக்களின் மேல் போய்த்தான் நிற்கும், பக்கத்தில் அந்தப் பெண்கள். போலீஸை விட்டு முழுக்க வாரச் சொல்லலாம். என் உள்ளங்கையிலும் அந்த ஈரம் ஒட்டியிருந்தது.

"நடக்காது சார்."

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டார்.

"இந்தத் தடவை உட்டோன் நேராத்தான் இருக்கு, சேது. ஆட வந்தவங்கதான் கோணல்."

புறப்படும்போது பல்டு அம்மா என் வண்டிக் கதவின் எண்ணைத் தடவிப் பார்த்தார். நீயும் ஓட்ட இருந்தாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒர்க்‌ஷாப் எங்கே என்று விசாரித்தார். ஜதுபாபு பஜாருக்குப் பின்னால் என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்குக் கேட்கிறார் என்று அப்போது தெரியவில்லை.

5. கம்சா விழுந்தது

ரவுண்டு மெட்ராஸுக்குப் போயிற்று. சங்கராந்திக்கு அடுத்த ஞாயிறு என்று தேதி வைத்தார்கள். சாஹேபும் இரண்டு மெம்பர்களும் ரயிலேறினார்கள். அவர்கள் வண்டிகளை நான்தான் டியூன் பண்ணிக் கூட்ஸில் ஏற்றினேன். ஹௌராவில் கைகாட்டிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால், ஒரு காய்கறிக்காரர் பூசணிக்காய்க் கூடையோடு எனக்காகக் காத்திருந்தார்.

"பல்டு அம்மா சொல்லச் சொன்னா. உட்டோன் காலி. மெட்ராஸி பாபுவ வரச் சொல்லு."

அந்த ஞாயிறு கமலாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். அவள் மடியில் ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல்.

ஓடுபாதை சுத்தமாகக் கிடந்தது. கூட்டிப் பெருக்கியிருந்தார்கள். பார்வையாளர்களுக்குக் கயிறு கட்ட நான் நினைத்திருந்த அதே ஓரத்தில், சொல்லிவைத்த மாதிரி, பெண்கள் வரிசையாக நின்றார்கள். பல்டு அம்மா கமலாவின் கையில் ஒரு தட்டு பீட்டே என்கிற அரிசிமாவுப் பலகாரத்தைக் கொடுத்தார். புது அரிசிக்குப் புது அரிசி கைமாறியது. பிறகு அவர் எனக்குப் பின்னால் ரோட்டையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்த வண்டியெல்லாம் எங்க பாபு?"

"மெட்ராஸ்ல ஓடிக்கிட்டிருக்கு மாசிமா. இந்நேரம்."

"அப்ப நீ யார ஜெயிக்கப் போற?"

கமலா அவர் தோளிலிருந்த சிவப்புக் கட்டம் போட்ட துண்டை, கம்சாவை, கேட்டு வாங்கினாள்.

"நீங்க போயி உக்காருங்க. நான் கொடி காட்டறேன்."

கம்சா விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது, டாப். கான்கிரீட் இணைப்புகள் தடக் தடக்கென்று வேகமாகி ஒரே சத்தமாகக் கலந்தன. கண்ணாடியில் பார்த்தால் பின்னால், ஓரங்களில் மிஞ்சிக் கிடந்த பதர் ஒரு மஞ்சள் மேகமாக எழும்பியது. முனையில் டிரம் இல்லை; இருக்கிற மாதிரியே நினைத்துப் பிரேக் அடித்துத் திருப்பினேன். ஹெரால்டு இம்மிகூட வழுக்கவில்லை. பக்கத்துப் பாதையில் இன்னொரு சத்தம் வருகிறதா என்று காது தானாகத் தேடியது. அறுத்த வயலில் காக்கைகள் மட்டும் இருந்தன.

திரும்பிவந்து புறப்பட்ட இடத்தைத் தாண்டியபோது அத்தனை பெண்களும் நாக்கைச் சுழற்றி, நம் குலவை மாதிரி, உலு போட்டார்கள். கல்யாணப் பெண் புகுந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போது போடுகிற உலு. கமலா கம்சாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பதர் விழுந்துவிட்டதாம்.

இடம் பார்க்கப் போகிற இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். எந்த மாதத்தில் ஓட்டப் போகிறீர்களோ, அந்த மாதத்தில் போய்ப் பாருங்கள். காலியாக இருக்கிற இடத்தைக் கண்டால், யாருக்காகக் காத்திருக்கிறது என்று அந்த ஊர் மாதக் கணக்கில் கேளுங்கள். டீ சிந்தவில்லை என்பது மட்டும் போதாது.

அடுத்த குளிர்காலத்துக்குள் பெட்ரோல் விலை ஏறிவிட்டது. கிளப்பில் பாதிப் பேர் வண்டியை விற்றார்கள். பின்னால் சில ரவுண்டுகள் நடந்தன; எல்லாவற்றுக்கும் நான்தான் கோடு போட்டேன். அதற்குள் ஹெரால்டு மகள் கல்யாணச் செலவுக்கு விலைபோய்விட்டது. வாங்கியவர் ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்து, இதற்குள் ஏன் இத்தனை உமி என்று கேட்டார்.

ரேஸ் புத்தக விதிப்படி, ஒரு போட்டியும் ஓடாதவன் நாவிஸ். எதிரே ஒரு வண்டியாவது இருந்தால்தான் அது போட்டி. பௌஷம் பிறந்து, காலை வெயில் டாக்குரியா லேக் பக்கம் சாய்வாக விழும்போது, ஒரு கம்சா எங்கேயாவது தூக்கிப் பிடித்திருக்கிறதா என்று கண் தேடும். நான் இன்றைக்கும் நாவிஸ்தான். பெயர் கொடுக்கத் தகுதி இருக்கிறது.