முட்டிவலிப் புத்தகம் யாருக்குப் போனது?

போன வருஷம் கோடை விடுமுறை. செகந்திராபாத்தில் லாலாகுடா பக்கம் ஒரு சின்ன தனியார் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கணவருக்கு மாற்றலாகி திருநெல்வேலியிலிருந்து வந்தவள் நான். தெலுங்கு அரைகுறை, இந்தி அதுவும் இல்லை. அங்கே இரண்டு அலமாரி தமிழ்ப் புத்தகங்கள் இருந்ததால் என்னை எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று பொறுப்பாளர் மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த மாதம் அவருக்கு ஒரு யோசனை. ஊழியர்கள் ஆளுக்கு மூன்று வாசகர்களைத் தேர்ந்தெடுத்து, அவரவருக்குப் பொருத்தமான புத்தகத்தை செய்தித்தாளில் சுற்றி, பெயர் ஒட்டிக் கொடுக்க வேண்டும். பிரித்தால்தான் என்ன புத்தகம் என்று தெரியும்.

எனக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வருவார். அவருக்கு, முட்டிவலி தீர உடற்பயிற்சிகள், படங்களுடன். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்குக் குட்டிப் பேய்க் கதை. சனிக்கிழமைதோறும் தமிழ்ப் புத்தகத்துக்காக கொண்டாப்பூரிலிருந்து வரும் ஐ.டி. பெண்ணுக்கு இருபத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு ஒரு காதல் நாவல்.

மூன்றையும் சுற்றி முடித்து, பெயர்ச் சீட்டுகளை மேஜையில் வைத்தேன். ஃபேன் காற்றில் மூன்றும் பறந்தன. பொறுக்கிவந்து, எது எந்தக் கட்டு என்று எனக்குத் தெரியாதா என்ற தெம்பில் ஒட்டிவிட்டேன்.

நாலாம் நாள் பெரியவரின் மனைவி வந்தார். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்வாசிகள்; தமிழுக்கு நடுவே ஹைதராபாத் இந்தியும் வந்து விழும்.

"என்னம்மா புக் குடுத்தே எங்க வீட்டுக்காரருக்கு? அவர் பேசினா தெரு முனைக்குக் கேட்கும். ரெண்டு நாளா சத்தமே இல்லை. நேத்து பக்கத்துல வந்து உக்காந்து, 'உன்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ என்னை உனக்குப் பிடிச்சிருந்துதா?'ன்னு கேக்கறார். கைக்கு, எதுக்கு இதெல்லாம், இந்த வயசுல?"

முட்டிவலிப் புத்தகத்தில் அப்படி என்ன பயிற்சி இருக்கிறது என்று ஒரு நிமிஷம் குழம்பினேன். அவர் பையிலிருந்து காதல் நாவலை எடுத்துக் காட்டியதும் எனக்கு வியர்த்துவிட்டது. தப்பாகிவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று கையை நீட்டினேன்.

வெடுக்கென்று புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "நக்கோ நக்கோ! இன்னும் முப்பது பக்கம் பாக்கி. தினமும் அவர் படிக்கப் படிக்க எனக்குக் கதை சொல்லிண்டு வரார்."

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அன்று மாலை அந்தச் சிறுமி அம்மாவோடு வந்தாள். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். "ஆன்ட்டி, இங்கோ புக் உந்தா?" இன்னொன்று வேண்டுமாம். அவள் அம்மாவோ என்னை முறைத்தார். காலையில் அப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேரும் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு காலையும் பத்து முறை நீட்டி மடக்கினால்தான் காபிக்கே விடுகிறாளாம்.

சனிக்கிழமை ஐ.டி. பெண் படியேறும்போதே நான் முந்திக்கொண்டேன். "அந்தப் பேய்க் கதை ஒன்பது வயசுப் பொண்ணுக்குச் சுத்தினதும்மா. உனக்கு நல்ல காதல் கதையா எடுத்து வச்சிருந்தேன்."

அவள் சிரிப்பு நின்றுபோனது. "நீங்களுமா அக்கா? வீட்டுல அம்மா, ஆபீஸ்ல மேனேஜர், கீழ் வீட்டு ஆன்ட்டி, எல்லாரும் ஆரம்பிச்சாச்சு. இந்தப் பேய் ஒண்ணுதான் என்கிட்ட கல்யாணம் எப்போன்னு கேக்கலை."

சொல்லிவிட்டு அவளே மறுபடி சிரித்தாள். என்னால்தான் முடியவில்லை.

மாதக் கடைசியில் மேடம் எல்லார் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார். என் மூன்று வாசகர்களும் புத்தகத்தை இன்னொரு தவணைக்குப் புதுப்பித்திருந்தார்களாம். பேசாமல் இருந்திருந்தால் வேலை நிச்சயம். ஆனால் மனசு கேட்கவில்லை. அவர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். யாருக்கு எதை நினைத்திருந்தேன், ஏன் என்றும் சொன்னேன். அறுபத்தெட்டு வயது, அதனால் முட்டிவலி. இருபத்தொன்பது, அதனால் காதல். வாய்விட்டுச் சொல்லும்போது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"அவங்களுக்கு என்ன பிடிக்கும்னு ஒருத்தரையாவது கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். கேட்கவில்லை. பிறகு மேடம், பெரியவரின் மனைவி சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, மேஜையில் தலைகவிழ்ந்து சிரித்தார். வேலை தப்பியது.

மறுநாள் பெரியவரே நாவலைத் திருப்பித் தர வந்தார். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. முட்டிவலிப் புத்தகம் வேண்டுமா என்று கேட்டுவைத்தேன்.

"யாருக்கு முட்டிவலி?" என்று அதட்டினார். ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். அவருடைய சைக்கிள் நின்றிருந்தது. "தினம் பத்து கிலோமீட்டர் மிதிக்கறேன்!"

சமாளிக்க வேண்டுமே என்று, அம்மா பதில் சொல்லிவிட்டார்களா என்று கேட்டேன். அத்தனை பெரிய குரல் சட்டென்று இறங்கியது. "இன்னும் யோசிச்சிண்டிருக்கா" என்றார், காது சிவக்க.

இப்போதெல்லாம் யார் வந்தாலும், கடைசியாக எந்தப் புத்தகத்தைப் பாதியில் வைத்தீர்கள், ஏன் என்று முதலில் கேட்கிறேன். ஆட்களை அட்டையைப் பார்த்தே படித்துவிட்டதாக அத்தனை நாள் நினைத்திருந்தது ஞாபகம் வந்தால், சிரிப்பும் வெட்கமும் இன்றும் எனக்குச் சேர்ந்தேதான் வருகின்றன.