அப்பா சுமந்த இரட்டைக்குழல் துப்பாக்கி

எங்கள் அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரை நேசித்த உற்றார் உறவினர், நண்பர்கள் கைகளில் இந்த நினைவு மலர் வந்து சேரும் இந்நாளில், அவருடைய இளைய மகளாகிய நான் இதை எழுதுகிறேன். துப்பாக்கி விஷயம் இதில் வேண்டாம் என்று வீட்டில் சிலர் சொன்னார்கள். அதை விட்டுவிட்டு அப்பாவின் கடைசிக் காலத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

திட்டக்குடிக்கு அருகே மானாவாரி நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் மூத்த மகனாக அப்பா பிறந்தார். அவர் கல்லூரியில் படிக்கும்போதே தாத்தா காலமாகிவிட்டார். தம்பி தங்கைகளைப் படிக்க வைத்து, திருமணம் முடித்து வைத்த பிறகே தனக்கென்று ஒரு நல்ல சட்டை வாங்கினார் என்று அம்மா சொல்வார். கூட்டுறவுத் துறையில் வேலை கிடைத்துச் சிதம்பரத்தில் குடியேறினார். நிலத்தை அம்மாவின் தம்பியான எங்கள் மாமா பார்த்துக்கொண்டார். அலுவலகத்தில் யாரையாவது தவறாகக் கடிந்துகொண்டுவிட்டால், அவருடைய மேசைக்கே போய் எல்லோர் முன்னிலையிலும் "எம் மேலதாங்க தப்பு" என்று சொல்லிவிட்டு வருவார் அப்பா. அப்படிப்பட்டவருக்குத்தான் இது நேர்ந்தது.

தாத்தாவிடமிருந்து உரிமத்தோடு அப்பாவுக்கு வந்தது ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி. கடலூரில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் கப்பலேறும் முன் தாத்தாவுக்கு விற்றது. இரும்பையும் எஃகையும் பட்டைகளாக முறுக்கி அடித்துச் செய்த குழல்கள். அதனால் அவற்றின் மேல் அலை அலையாகக் கோடுகள் ஓடும். அப்பா அதை வைத்துச் சுட்டதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைப்பார். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப எடுத்து வருவார். அவ்வளவுதான்.

2006 பொங்கலுக்கு அமெரிக்காவிலிருந்து அண்ணனும், இங்கிலாந்திலிருந்து அக்காவும் அவள் கணவரும் வந்திருந்தார்கள். அக்கா கணவர் குறிஞ்சிப்பாடிக்காரர், பர்மிங்காமில் பொறியாளர். அப்பா துப்பாக்கியை எடுத்துத் துடைக்க உட்கார்ந்ததும் அண்ணன் பதறிவிட்டார்.

"அப்பா, குழல் மேல இருக்கற அந்தப் பழைய கறைய எடுத்துடாதீங்க. எங்க ஊர்ல இப்படிப் பழைய துப்பாக்கின்னா உயிர விடுவாங்க. ஒரு ஸ்க்ரூ மாத்தியிருந்தாக்கூட மதிப்பு போயிடும். கண்ணாடிப் பெட்டில வச்சிப் பாப்பாங்களே தவிர, இந்தக் கோடு போட்ட குழல்ல தோட்டா போட மாட்டாங்க. வெடிச்சிடும்னு பயம்."

அக்கா கணவர் சிரித்தார். "மச்சான், அங்க அப்படியா? நாங்க குடியிருக்கற வூட்டு ஓனர் அவுரு தாத்தா துப்பாக்கிய இன்னும் தோள்ல போட்டுகினு வேட்டைக்குப் போறாரு. பிடிக் கட்டை ஒடஞ்சா வேற கட்டை. குழல் தேஞ்சா உள்ள புதுசு சொருகிடுவாங்க. சுடாத துப்பாக்கி எதுக்குன்னு கேக்கறாரு."

"வெடிச்சா?"

"அதுக்குத்தான் சோதனைக் கூடம் இருக்குது. ஜாஸ்தி மருந்து போட்டு வெடிச்சிப் பாப்பாங்க. தாங்குனா முத்திரை அடிச்சிக் குடுப்பாங்க."

அப்பா துப்பாக்கியைத் திருப்பி, குழலின் அடியில் இருந்த சின்ன முத்திரையைக் காட்டினார். "இதுலயும் அடிச்சிருக்குதே மாப்ள!"

"அது அந்தக் காலத்துக் கரிமருந்துக்கு அடிச்சதுங்க மாமா. இப்ப இருக்கற தோட்டாவுக்கு வேகம் ஜாஸ்தி, திரும்ப சோதனை பண்ணணும்."

அந்தக் கடைசி வாக்கியத்தையும் அப்பா கேட்டார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஆனால் அவர் மனதில் தங்கியது, இங்கிலாந்தில் இன்னமும் சுடுகிறார்கள் என்பது மட்டும்தான். தன் தகப்பனார் விட்டுச்சென்ற பொருள் வெறும் பழைய இரும்பு இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார். அந்தச் சந்தோஷம்.

அந்த ஆண்டு மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றிகள் வயலைச் சூறையாடின. மாமா வந்து துப்பாக்கியைக் கேட்டார். மேலே பார்த்து வெடித்தால் போதும், பன்றிகள் ஓடிவிடும். உரிமத்தில் மாமாவின் பெயரும் இருந்தது. முன்பெல்லாம் மறுத்துவிடும் அப்பா, அந்த முறை கடலூரில் புதுத் தோட்டா வாங்கிக்கொண்டு தாமே திட்டக்குடிக்குப் புறப்பட்டார்.

பொழுது சாயும் நேரம், வரப்பில் நின்று தோட்டாக்களைப் போட்டதும் அப்பாதான். தாமே சுடுவதாகத்தான் இருந்தார். "தோளு வலிக்குது மச்சான், நீ போடு" என்று கடைசியில் கைமாற்றினார். வலக்குழல் நன்றாகவே வெடித்தது. "பாத்தியா, வெள்ளக்காரன் சரக்கு!" என்று அப்பா கைதட்டினாராம். அடுத்து இடக்குழல், மாமாவின் இடக்கைக்கு மேலேயே பிளந்தது.

மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் மாமா சொன்னது ஒன்றுதான்: "மோட்டார் பெல்ட்டுல மாட்டிக்கிச்சின்னு சொல்லிடலாம் மாமா. ஒங்க பேரு வேணாம்." ஆனால் அப்பா, டாக்டர் கேட்டதும், "துப்பாக்கிங்க. என்னுது. தோட்டா போட்டதும் நான்தான்" என்றார். காவல் நிலையத்திலும் அதையே சொன்னார். விசாரணை நடந்தது, உரிமம் ரத்தானது. மாமாவின் இடக்கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே மிஞ்சின.

அண்ணன் தொலைபேசியில் அழுதார். அழுகை ஓய்ந்ததும், எதையாவது சொல்லி அப்பாவைத் தேற்ற நினைத்தாரோ என்னவோ, வெடித்த துப்பாக்கியைக்கூட அப்படியே வாங்கி வைக்க அமெரிக்காவில் ஆள் உண்டு என்றார். அக்கா கணவரோ, பர்மிங்காமில் புதுக் குழல் பொருத்திவிடலாம் என்றார். இருவரிடமும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "அவன் வெரலயும் பொருத்துவாங்களாப்பா?" துப்பாக்கியை அரசே அழித்துவிடட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பொங்கலுக்குச் சொன்ன பேச்சுக்காக அக்கா கணவர் இன்றும் வருந்துகிறார். அவர் சொன்னது சரிதான். அண்ணன் சொன்னதும் சரிதான். அதை நினைத்தால்தான் எங்களுக்கு ஆறவில்லை.

அதன் பிறகு ஓய்வுபெற்ற அப்பா வாராவாரம் திட்டக்குடிக்குப் பஸ் ஏறினார். மாமா கயிறு கட்டினால் முடிச்சை இவர் பிடிப்பார். மூட்டை தைத்தால் இவர் ஊசியை வாங்கிக்கொள்வார். சாப்பிடும்போது மாமாவின் கையைப் பார்த்துவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவார். "என்ன மன்னிச்சிடு மச்சான்" என்று போகும்போதும் வரும்போதும் சொல்வார். மாமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் நானும் அங்கே இருந்தபோது வெடித்துவிட்டார்.

"மாமா, ஒங்க குத்தத்த எறக்கி வக்கறதுக்கு எவ்ளோ நாளைக்கு என் வூட்டுக்கு வருவீங்க? நீங்க அழுவறதப் பாத்து எம் புள்ளைங்க என்ன நோயாளின்னு நெனைக்கிதுங்க. நான் ஏரு ஓட்டறேன், வண்டி ஓட்டறேன். வர்றதுன்னா சாப்பிட வாங்க, சண்டை போட வாங்க. மன்னிப்பு கேக்க வராதீங்க."

அப்பா குழம்புச் சோற்றில் ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். பிறகு, "சரி, கொழம்புல உப்பு இல்ல" என்றார். அத்தை அடுப்படியிலிருந்து சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு முறையும் மாமாவிடம் "கை வலிக்குதா?" என்று மட்டும் கேட்பார். "என்னா வலி, ஒண்ணும் இல்ல" என்பார் மாமா. இது அப்பா கடலூரில் மருத்துவமனையில் படுத்திருந்த கடைசி வாரம்வரை நடந்தது. குரல் எழாத நாளில்கூட மாமாவின் கையைத் தொட்டு, புருவத்தை உயர்த்திக் கேட்டார். "ஒண்ணும் இல்ல மாமா" என்றார் மாமா. அதன் பிறகே அப்பா கண்ணை மூடினார்.

அப்பாவை இரவு பகலாகக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அண்ணன் வந்து சேரும்வரை எல்லாவற்றையும் முன்நின்று செய்த சிதம்பரம் தெருவாசிகளுக்கும், திட்டக்குடியிலிருந்து வேன் பிடித்து வந்த உறவினர்களுக்கும், காரியத்துக்கு வந்து ஆறுதல் சொன்ன அப்பாவின் அலுவலக நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். காரியம் முடிந்த அன்று மாலை, மாமா ஓரமாக உட்கார்ந்து இடக்கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். என்ன மாமா என்றேன்.

"குளுரு வந்துட்டா எப்பவும் இப்படித்தாம்மா. ராத்திரில தூங்க வுடாது. ஒங்கப்பா இருந்தவரைக்கும் வலிக்குதுன்னு வாயத் தெறக்க முடியல. இனிமே சொல்லலாம் இல்ல?"