எந்தக் கட்சியும் இல்லை, எங்கம்மா ஊர் சூரியன்

வெண்டைக்காயை எடை போடாமல் கடைக்கார அங்கிள் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமாம், பதினெட்டு முடிந்ததும் குத்திக்கொண்டேன். இன்று காலையில், என் முதல் டாட்டூ! பிலிப்பைன்ஸ் கொடியில் இருக்கும் எட்டுக் கதிர்ச் சூரியன். அது அம்மாவின் நாடு. சந்தோஷத்தில் வீட்டுக்குக்கூடப் போகாமல் சன்னிவேலில் இருக்கும் இந்தியக் கடைக்குப் போய்விட்டேன்.

"என்னம்மா, அப்பா நம்ம கட்சியா? சொல்லவே இல்லையே!" என்றார் அங்கிள்.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். "அமெரிக்கா வந்துமா உதயசூரியன்? நல்லா இருக்கு போ!"

பள்ளியை விட்டு நின்றதிலிருந்து வெளியாட்களிடம் நான் பேசுவதே குறைவு. தமிழர்களிடம் அம்மாவைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. இன்றும் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அம்மாவின் சூரியனைக் கட்சிக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

"நோ அங்கிள். இது எங்கம்மா ஊர் கொடி. அவங்க ஃபிலிப்பினோ. நானும் பாதி ஃபிலிப்பினோ."

கடை முழுக்கக் கேட்டிருக்கும். என் குரல்தானா அது?

"அட போம்மா! ஊருக்கு ஒரு ஓட்டு கூடுச்சுன்னு நெனச்சேன்" என்றார் அங்கிள். ஆன்ட்டி என் கையைப் பிடித்து, "வலிச்சுதா கண்ணு?" என்றார்.

காயை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பிறகு, வாங்குவதற்கு எதுவுமே இல்லாமல் மறுபடியும் உள்ளே போய், மணிக்கட்டு எல்லோருக்கும் தெரியும்படி வரிசையில் நின்றேன்.