நடந்தேன்னு எழுதிக்கினாங்க

கர்ப்பப்பைய எடுக்கணும்னு டாக்டர் சொன்னதும், எங்க வூட்டுக்காரருக்குக் குவைத்து விசா வந்ததும் ஒரே வாரத்துல வந்து தொலைஞ்சுது. ரெண்டுல ஒண்ணாவது தள்ளிப் போவக் கூடாதா? போவல. எங்க ஊரு நகரியில பாதி வூட்ல தறி நின்னு போயிருந்த நேரம் அது. நூல் வெலை ஏறிக்கினே போச்சு, துணி வெலை ஏறல. எங்க தெரு ஆம்பளைங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ஏஜென்ட்டுகிட்ட பாஸ்போர்ட்டக் குடுத்தாங்க, இவரும் குடுத்தாரு. எனக்கோ மாசத்துல பாதி நாள் உதிரப்போக்கு, தறிகிட்ட நிக்க முடியல. சித்தூர்ல பாத்துட்டு, திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னு எழுதிக் குடுத்துட்டாங்க.

தொணைக்கு வந்தது எங்க அண்ணி, அதாவது அவரோட அக்கா. அம்மா இல்லாத தம்பியத் தூக்கி வளத்தவங்க. அவருக்காகக் கல்யாணம் கூடப் பண்ணிக்கல. வூட்டுச் சாவி அவங்க இடுப்புலதான் இருக்கும். என் ரெண்டு பசங்களுக்கும் தல சீவி விடுறதுலருந்து சோறு ஊட்டுற வரிக்கும் அவங்கதான். கெட்டவங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியாது. சொல்ல முடிஞ்சிருந்தா எனக்கு எவ்ளோ சுலபமா இருந்திருக்கும்!

ஆப்பரேஷனுக்கு மொத நாள் ஒரு டாக்டரம்மா வந்து என் கட்டில்ல ஒக்காந்தாங்க. சின்ன வயசு, பாதித் தெலுங்கு பாதித் தமிழ்ல பேசினாங்க. ஆப்பரேஷன் ஆனவங்க சீக்கிரம் தேறி எழுந்திருக்க வழி பாக்குற ஆராய்ச்சி ஒண்ணு அங்க நடந்துக்கினு இருந்துச்சாம். வழக்கமா வயித்துல கத்தி வச்சா, காத்து பிரியிற வரிக்கும் வாயில ஒண்ணும் தர மாட்டாங்க, எழுப்பவும் மாட்டாங்க. புது முறையில மயக்கம் தெளிஞ்ச கொஞ்ச நேரத்துலயே தண்ணி, சாயங்காலம் இட்லி, மறுநாள் காலையில நடை. யாருக்கு எந்த முறைன்னு ஒட்டின கவரப் பிரிச்சாத்தான் தெரியும், டாக்டரே மாத்த முடியாது. "இஷ்டம்னா சேரலாம்மா. வேணாம்னு தோணிச்சுன்னா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டோம்"னு சொன்னாங்க.

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. எப்ப வேணும்னாலும் விலகிக்கலாமாம்! பொறந்ததுலருந்து எந்த விஷயத்துலயும் என்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்ல.

நான் சேந்ததுக்குக் காரணம் வேற. பொம்பளைங்க வார்டுக்குள்ள ஆம்பளைங்கள விட மாட்டாங்க. மாடிப்படி ஏறினதும் ஒரு இரும்பு கேட்டு இருக்கும், அதுக்கு ஒரு வாட்ச்மேன். ஆப்பரேஷன் ஆன மூணாம் நாளே அவரு கெளம்பணும். "நீ கேட்டு வரிக்கும் நடந்து வந்து நில்லு. நீ எழுந்து நிக்கிறதப் பாத்துட்டுப் போனாத்தான் எனக்கு அங்க வேலை ஓடும்"னு சொல்லியிருந்தாரு. அப்புறம் எப்ப வருவாருன்னு அந்த ஏஜென்ட்டுக்கே தெரியாது. நான் நடக்கலன்னா அவரப் பாக்க முடியாது, அவ்ளோதான் கணக்கு. கவரப் பிரிச்சாங்க, எனக்குப் புது முறைன்னு வந்துச்சு. மலை இருக்கிற பக்கமாத் திரும்பி ஒரு கும்பிடு போட்டேன்.

மயக்கம் தெளிஞ்சப்போ நாக்கு மேல் அண்ணத்துல ஒட்டிக்கினு இருந்துச்சு. ஒரு கையில குளுகோஸ் ஊசி, கீழ மூத்திர டியூப்பு, வயித்து மேல அம்மிக்கல்ல வச்ச மாதிரி பாரம். நர்ஸு ஒரு ஜக்குல தண்ணி கொண்டாந்து வச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடுன்னு அண்ணிகிட்ட சொல்லிட்டுப் போனாங்க. அண்ணி நல்லாத் தலையாட்டினாங்க. நர்ஸு அந்தாண்ட போனதும் ஜக்க எடுத்துக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாங்க.

"அண்ணி, தண்ணி."

"பச்ச ஒடம்பு. தண்ணி கூடாது."

"டாக்டரம்மாவே குடிக்கச் சொன்னாங்களே!"

"அவங்களுக்கு இன்னா, எழுதிக்கினு போயிடுவாங்க. என் தம்பிக்கு நான் இல்ல பதில் சொல்லணும்?"

ஈரத்துணியால என் ஒதட்டத் தொடச்சு விட்டாங்க. அந்தத் துணியப் பல்லால கவ்வி உறிஞ்சப் பாத்தேன். பதமா இழுத்துக்கினாங்க.

நர்ஸு திரும்ப வந்து கட்டில் ஓரமா நின்னு, "நீள்ளு தாகிந்தா?"ன்னு கேட்டாங்க. தண்ணி குடிச்சாளான்னு. என்னப் பாத்து இல்ல, அண்ணியப் பாத்து.

"தாகிந்தி, தாகிந்தி"ன்னாங்க அண்ணி. நர்ஸு எழுதிக்கினு போயிட்டாங்க.

எங்க பக்கத்து வழக்கம் இது. படுத்திருக்கிறவள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, கூட நிக்கிறவங்களத்தான் கேப்பாங்க. வலிக்குதாமான்னு அவங்களக் கேப்பாங்க, வெளிக்கிப் போனாளான்னும் அவங்களத்தான் கேப்பாங்க. அவ்ளோ படிச்சு, கவர ஒட்டி, பெருசா ஆராய்ச்சி பண்ணவங்களும் அதையேதான் பண்ணாங்க. கட்டில்ல ஒருத்தி கண்ண முழிச்சுக்கினு கெடக்கிறாளே, அவள ஒரு வார்த்தை கேட்டா வாயா வலிக்கும்? இப்ப நெனச்சாலும் எனக்குப் பத்திக்கினு வருது.

சாயங்காலம் இட்லி வந்துச்சு. ஆராய்ச்சியில சேந்தவங்களுக்குத் தனியா, மெத்து மெத்துன்னு. பக்கத்துக் கட்டில்ல ஒரு பலமனேருக்கார அம்மா இருந்தாங்க, அவங்க தங்கச்சிகிட்ட அண்ணி அதக் குடுத்துட்டாங்க, அவ வாயாற வாழ்த்திக்கினே துன்னா. நான் துன்னுட்டதா எழுதிக்கினாங்க. மறுநாள் காலையில நடக்க வைக்க நர்ஸு வந்தாங்க. "விடிஞ்சதுமே புடிச்சுக்கினு நடக்க வச்சேன்மா, இப்பத்தான் கண்ணு அசந்தா"ன்னு அண்ணி குசுகுசுன்னு சொன்னாங்க. மத்த கட்டில்ல எல்லாம் வேலை கெடந்துச்சு, நர்ஸு நம்பிட்டாங்க. நான் நடந்ததாவும் எழுதிக்கினாங்க. அந்தப் பேப்பர்ல இருந்தவ துன்னு, குடிச்சு, ஜோரா உலாத்திக்கினு இருந்தா. நான் காஞ்ச வாயோட ஃபேனப் பாத்துக்கினு கெடந்தேன்.

நீயே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமேன்னு கேப்பீங்க. எப்படிச் சொல்றது? அவரு போயிட்டா அந்த வூட்ல நானும் அண்ணியும்தான். எனக்கு நைனாவும் இல்ல, அம்மாவும் இல்ல. டியூப்போட கெடக்கிறவளுக்கு மூத்திரப் பை காலி பண்றதும் அவங்க, கால் புடிச்சு விடுறதும் அவங்க. நான் அசைஞ்சா தெரியணும்னு அவங்க முந்தானைய என் மணிக்கட்டுல முடிஞ்சுக்கினுதான் தரையில சாயுவாங்க. அப்படிப்பட்டவங்களப் பொய்க்காரின்னு எந்த வாயால சொல்றது? கத்திக்கினு வந்தா பதிலுக்குக் கத்தலாம். இவங்க என் தலையக் கோதிக்கினே இல்ல தண்ணிய ஒளிச்சு வச்சாங்க!

மூணாம் நாள் காலையில டியூப்ப எடுத்துட்டாங்க. அவரு மத்தியானத்துக்குள்ள வந்துட்டு, அப்படியே மெட்ராஸ் பஸ் ஏறணும். எழுந்து ஒக்காரப் பாத்தேன், கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு. "இன்னும் எங்க வலு வந்துச்சு? படு. நான் போய் அவன்கிட்ட சொல்லிக்கிறேன்"னு அண்ணி என் தோள அமுக்கிப் படுக்க வச்சாங்க. அப்போ டாக்டரம்மா உள்ள வந்தாங்க. பேப்பரப் பாத்து ஒரே சிரிப்பு. "சூப்பரா தேறிட்டு இருக்காங்களே, நேத்து எவ்ளோ தூரம் நடந்தாங்க?"ன்னு கேட்டாங்க. கேட்டது அண்ணிய.

"அந்தக் கோடி வரிக்கும்"னாங்க அண்ணி.

"இல்ல!"ன்னு கத்தினேன். கொரல் கரகரன்னு, வேற யாரோ பேசற மாதிரி வந்துச்சு. "நான் நடக்கல. ஒரு மொடக்குத் தண்ணி குடிக்கல, இட்லிய வாயில கூட வைக்கல. என்னக் கேளுங்க, நான்தானே படுத்திருக்கிறேன்!"

வார்டே திரும்பிப் பாத்துச்சு. டாக்டரம்மா மொகம் செவந்து போச்சு. நர்ஸு தெலுங்குல அண்ணியப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க. டாக்டரம்மா கட்டிலுக்கு அடியிலருந்த ஜக்க எடுத்து, தம்ளர்ல ஊத்தி, என் வாய்கிட்ட கொண்டாந்தாங்க. அதப் பாத்ததும் அண்ணி ரெண்டு கையாலயும் மொகத்தப் பொத்திக்கினு வெளிய ஓடிட்டாங்க.

நான் குடிச்சேன். அந்தத் தண்ணி தொண்டையில எறங்கினத நான் சாவற வரிக்கும் மறக்க மாட்டேன். அரை இட்லி துன்னேன். நர்ஸு ஒரு பக்கம், செவுரு ஒரு பக்கம். வயித்த அமுக்கிப் புடிச்சுக்கினு, நின்னு நின்னு நடந்தேன். தையல் சுரீர்னு இழுத்துச்சு. இழுக்கட்டும், போவட்டும்னு நடந்தேன். ஜெயிச்சுட்டேன்னே நெனச்சேன்.

கேட்டுக்கு அந்தாண்ட அவரு பையோட நின்னுக்கினு இருந்தாரு. கீழ் படியில அண்ணி ஒக்காந்து அழுதுக்கினு இருந்தாங்க.

"அக்காவ இன்னா பண்ண?" அவரு கேட்ட மொத வார்த்தை அதுதான்.

"தண்ணி குடுக்க மாட்டேன்னுட்டாங்க. அதத்தான் சொன்னேன்."

அவரு கேட்டுக் கம்பியப் புடிச்சுக்கினு, சத்தம் வராம சொன்னாரு. "எங்கம்மாவுக்கும் இதே மாதிரி வயித்துல ஆப்பரேஷன். தண்ணி தண்ணின்னு கெஞ்சினாங்கன்னு அக்காதான் சொம்புல மொண்டாந்து குடுத்தா. பாவாடை கட்டின வயசு அவளுக்கு. அன்னிக்கே அம்மா போயிட்டாங்க. ஊரே அவளத்தான் சொல்லிச்சு."

"என்கிட்ட யாரும் சொல்லலயே!"

"சொல்ற விஷயமா அது?"

கீழருந்து யாரோ பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கூப்டாங்க. அவரு பையத் தூக்கித் தோள்ல போட்டுக்கினாரு. "அக்காவப் பாத்துக்க"ன்னு என்கிட்ட சொன்னாரு. குனிஞ்சு அண்ணி தலையத் தொட்டாரு, எறங்கிப் போயிட்டாரு. நான் எழுந்து நின்னத அவரு பாத்தாரா இல்லயான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது.

அண்ணிதான் என்னத் திரும்பக் கூட்டிக்கினு வந்தாங்க. இடுப்பச் சுத்திப் புடிச்சாங்க, அழுத்தமான புடி. டாக்டரம்மா வந்து, "தொடர்றீங்களா, விலகிக்கிறீங்களா? எதுன்னாலும் சரிதான்"னு இந்தத் தடவை என்னப் பாத்துக் கேட்டாங்க. அண்ணி மொகத்த ஒரு வாட்டி பாத்துட்டு, இருக்கிறேன்னு சொன்னேன்.

டாக்டரம்மா போனதும் அண்ணி ஜக்க எடுத்து ஊத்தினாங்க. பாதித் தண்ணி படுக்கையில சிந்துச்சு. தம்ளர என் வாயில வச்சுட்டு, என் தொண்டையவே பாத்துக்கினு நின்னாங்க, மூச்சு கூட விடல. எனக்கு அப்போ தாகமே இல்ல. போதும்னு சொல்ல வாய் வரல. குடிச்சேன். நான் குடிச்சு முடிச்சதும், உயிரோட இருக்கிறத நல்லாப் பாத்துட்டு, "இன்னும் கொஞ்சம்"னு மறுபடியும் ஊத்தினாங்க.